காதுவலி போனவர் மரம் ஏறினார்

நீங்கள் ஊசி போடும் அறையின் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது. உங்கள் வலி இதில் எந்த முகம் என்று நோயாளியையே தொட்டுக் காட்டச் சொல்கிறீர்கள். போன மாதம் என் சர்க்கரை மாத்திரைக்கு வந்தபோது பார்த்தேன். நல்ல ஏற்பாடுதான். என் காலத்தில் அந்தத் தாள் கிடையாது, என் முகம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் பாதிப் பேர் வலியே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. கொல்லிமலையில் மட்டும் இருபது வருடத்துக்கு மேல் செவிலியராக இருந்தவள் என்பதால், புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஊசி போடுவதையும் குளுக்கோஸ் ஏற்றுவதையும் என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நான் ஒரு காதுவலியைப் பற்றி எழுதுகிறேன். அந்த வலியை நான் நன்றாகவே தீர்த்து வைத்தேன். தவறு அதற்குப் பிறகு நடந்தது.

அதற்கு முன்னால் ஒன்று. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்தாள். மூன்று நாளாகக் காதைப் பிடித்துக்கொண்டு அழுத குழந்தை காலையிலிருந்து அழவில்லை, சளிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும் என்றாள். குழந்தை இடுப்பில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தது. நானும் சளி மருந்தை எடுக்கப் போனேன். அப்போது எனக்கு மேலே இருந்த செவிலியர் குழந்தையின் சட்டைத் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். மஞ்சளாகச் சீழ் காய்ந்திருந்தது. செவிப்பறை கிழிந்து, உள்ளே முட்டிக்கொண்டிருந்த சீழ் வெளியே வந்துவிட்டதால் வலி நின்றிருக்கிறது. காது குணமாகி நின்ற வலி இல்லை அது. அன்றைக்கு அதை மனப்பாடம் செய்துகொண்டேன். பிறகு வந்தவர் போனவர் எல்லோருக்கும் இதையே ஓதினேன். ஆக, தெரியாமல் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

இனி அந்தக் காதுவலிக்கு வருகிறேன். அவரை வெள்ளையன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம். வளப்பூர் நாடு என்று சொல்லும் பகுதியில் ஒரு சிற்றூர். நாற்பது வயது இருக்கும். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, மீதி மிளகு. மனைவி பவுனு. பக்கத்து வீட்டில் அவருடைய அம்மாவும் அண்ணனும். மிளகு பறிக்கும் மாதம் தொடங்கியிருந்தது.

மூக்கடைப்போடு ஒரு விசேஷத்துக்குச் சோளக்காடு சந்தையில் பஸ் ஏறி அடிவாரத்துக்கு இறங்கியிருக்கிறார். நம் எழுபது கொண்டை ஊசி வளைவும் உங்களுக்குத் தெரியும். சளி பிடித்த மனிதனுக்கு மலை இறங்க இறங்கக் காது அடைத்துக்கொண்டே போகும். பாதி வளைவு தாண்டியதும் காதுக்குள் பட்டென்று ஏதோ விட்டது என்றும், ரத்தம் கலந்த தண்ணீர் கழுத்தில் வழிந்தது என்றும் சொன்னார். அதோடு வலி கொஞ்சம் அடங்கிவிட்டது. மறுநாள் மலைக்குத் திரும்பினார். அன்று சாயங்காலம் அவருடைய அம்மா நல்லெண்ணெயில் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் அந்தக் காதில் ஊற்றியிருக்கிறார்.

காதில் எண்ணெய் ஊற்றுவது நம் மலையில் எல்லா வீட்டிலும் உண்டு. பறை முழுசாக இருக்கும் காது என்றால் பெரிய சேதம் வராது. கிழிந்த பறை வழியாக அது நடுக்காதுக்குள் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதை நான் வெள்ளையன் முகத்தில்தான் பார்த்தேன். காலையில் அவரை இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டி வந்தார்கள். தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, எச்சிலை விழுங்கக்கூடப் பயந்துகொண்டு இருந்தார். வாந்தி எடுத்துச் சட்டை நனைந்திருந்தது.

டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, பறையில் ஓட்டை இருக்கிறது, அநேகமாகப் பஸ்ஸிலேயே கிழிந்திருக்க வேண்டும், எண்ணெய் அதைக் கிளறிவிட்டிருக்கிறது என்றார். ஒன்றிரண்டு மாதத்தில் தானாக மூடிக்கொள்ளும், சொட்டு மருந்து எதுவும் வேண்டாம், தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் கழித்து வரட்டும், கிறுகிறுப்பு விடாமல் இருந்தால் கீழே காது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்றார். அந்தக் கடைசி வார்த்தை என் காதிலும் விழுந்தது. மனதில் ஏறவில்லை.

என் மனதெல்லாம் எண்ணெய் மேல் இருந்தது. எனக்கும் காது எண்ணெய்க்கும் நெடுநாள் பகை. வலிக்கு ஊசி போட்டு, மாத்திரையை எந்த நேரத்துக்கு எது என்று பிரித்துக் கட்டிக் கொடுத்து, உலர்ந்த துணியைச் சூடு காட்டிக் காதுக்கு வெளியே ஒத்தடம் வைப்பதைப் பவுனுக்குச் செய்து காட்டினேன். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, குளிக்கும்போது பஞ்சு வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவர் வாயை மூடினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெஞ்சிலேயே தூங்கிவிட்டார். எனக்கு ரொம்பப் பெருமை.

அதோடு விட்டிருக்கலாம். வெளியே வந்தேன். அவருடைய அம்மா வாசல் தூணோரம் நின்றிருந்தார். மறுபடியும் இந்த அம்மா எண்ணெய் காய்ச்சிவிடுவாரே என்ற ஆத்திரத்தில், பத்துப் பேர் முன்னால் கத்தினேன். "நீங்க ஊத்துன எண்ணெய்தான் உங்க மகன் காதுல ஓட்டையப் போட்டுருச்சு. இன்னொரு சொட்டு ஊத்துனீங்கன்னா ஆளே இருக்கமாட்டான்." ஓட்டை பஸ்ஸில் விழுந்தது என்று டாக்டர் சொல்லி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். பயமுறுத்தினால்தான் கேட்பார்கள் என்றுதான் அப்படிச் சொன்னேன். நாம் எல்லோரும் இதைச் செய்கிறோம், நீங்களும் செய்வீர்கள்.

ஒரு வாரம் கழித்து வெள்ளையன் தனியாக வந்தார். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அன்று தடுப்பூசி நாள், வராந்தா முழுக்கக் குழந்தைகளின் அழுகை. அவர் பஞ்சு வைத்த காதோடு, காலி மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சொன்னபடி எல்லாம் செய்ததாகச் சொன்னார். எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை, மூக்குச் சிந்தவில்லை. நான் அவ்வளவு கீழ்ப்படிந்த நோயாளியை அதற்கு முன் பார்த்ததில்லை. வலி இருக்கிறதா என்று கேட்டேன். துளிகூட இல்லை என்றார்.

"அப்ப வேலைக்குப் போலாமுங்களா சிஸ்டர்?"

"வலி இல்லைல்ல? தாராளமாப் போங்க."

எழுந்தவர் ஒரு நொடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போனார். அவர் பிடித்ததை நான் பார்த்தேன். வெறும் வயிற்றோடு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த குழந்தையின் தொடையைத் துடைத்தேன்.

வேலை என்றால் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. சாதாரணக் கேள்வி. சாலையோரத்தில் பழம் விற்பவரா, களை எடுப்பவரா, லாரி ஓட்டுபவரா? அது எந்த மாதம் என்று எனக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி பழுத்துத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். நம் ஆட்கள் அதில் எப்படி ஏறுவார்கள் என்று உங்களில் வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு நீட்டிக்கொண்டிருக்கும் கிளைத் துண்டுதான் படி. அதில் பெருவிரலை ஊன்றி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து இரண்டு கையாலும் பறிப்பார்கள். அந்த வேலைக்குக் கை காலைவிடக் காதுதான் முக்கியம். உடம்பு நேராக நிற்கிறதா சாய்கிறதா என்று சொல்வது காதின் உள்பகுதி. கேட்பதற்கு மட்டும் என்று கடவுள் அதை வைக்கவில்லை. அந்த மனிதனை மரத்தில் ஏறவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது வலி ஒன்றுதான். அதை நான் மாத்திரை கொடுத்து எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். போர்வையில் போட்டு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். இரண்டு ஆள் உயரத்திலிருந்து மல்லாக்க விழுந்திருக்கிறார், கீழே பாறை. முழு நினைவோடு இருந்தார். முதுகு வலிக்கிறது என்றார். கால் கட்டைவிரலை ஆட்டுங்கள் என்றேன். ஆட்டிவிட்டதாகச் சொன்னார். விரல் அசையவில்லை.

ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். எழுபது வளைவிலும் அவர் தலையை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் மெதுவாகப் பேசினார். "மேல பாத்தனுங்க. ஒரு பெரிய கொத்து இருந்துச்சு. கொடி, மரம், வானம் எல்லாம் கிறுகிறுன்னு சுத்துச்சு. அவ்வளவுதானுங்க." கிறுகிறுப்பு எத்தனை நாளாக இருக்கிறது என்று அப்போதுதான் கேட்டேன். அன்றிலிருந்தே இருந்தது என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, அதையாவது கேட்காமல் இருந்தேன். நான் வலியைத்தானே கேட்டேன், அவர் வலிக்குத்தானே பதில் சொன்னார்?

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் தண்டுவடம் நசுங்கிவிட்டது என்றார்கள். இடுப்புக்குக் கீழே இனி அசைவும் உணர்ச்சியும் வராது.

ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வார்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். காது சரியில்லாத மனிதனை மிளகு உதிர்ந்துவிடும் என்று நச்சரித்து மரம் ஏற்றிவிட்டாள் என்று எல்லோரும் பவுனு மேல் பாய்ந்துகொண்டிருந்தார்கள். வெள்ளையனின் அண்ணன் அவளை அவளுடைய அப்பன் ஊட்டுக்கே போய்விடச் சொன்னார். பவுனு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிஸ்டரிடம் கேட்டுவிட்டு வந்துதான் ஏறினார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்து நான் உள்ளே நுழைந்தேன்.

அண்ணன் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சிஸ்டர். ஏறச் சொன்னீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அதோடு என் வேலை, என் மேல் வரப்போகும் விசாரணை, இருபது வருடம் கத்திக் கத்திச் சேர்த்த பேர் எல்லாம் சேர்ந்து வந்தது. கட்டிலில் இருந்து வெள்ளையன் பேசினார்.

"சிஸ்டர் ஏறவேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் இவகிட்ட மாத்திச் சொல்லிப்போட்டு ஏறுனேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

பவுனு புருஷனை வெறித்துப் பார்த்தாள். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். முப்பது வருட வேலையில் என்னை நானே காறித் துப்ப வேண்டிய நாள் எது என்று கேட்டால், தவறாகச் சொன்ன நாளைச் சொல்ல மாட்டேன், இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வாரம் இரண்டு முறை போனேன். மூத்திரக் குழாய் மாற்றவும் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடவும். என் வேலைப் பகுதியில் அது இல்லை, கேட்டு வாங்கிக்கொண்டேன். புண் பிட்டத்தில் எலும்பு தெரியும் அளவுக்கு இறங்கியது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. வலிக்கிறதா என்று ஒருநாள் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். "இல்லீங்க சிஸ்டர், வலியே இல்லீங்க" என்றார். நான் கட்டை முடிக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

முதல் மழைக்காலம் முடிந்த சமயம், பவுனு சோளக்காட்டுக்குப் போயிருந்தபோது, ஏன் அன்றைக்கு எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"உங்களுக்காவ இல்லீங்க. நீங்க முழிச்சத நான் பாத்தேன். சொல்லவே இல்லைன்னு சொல்லிப்போடுவீங்கன்னு பயந்துக்கிட்டேன். அப்ப எம் பொண்டாட்டிதான பொய்க்காரி ஆயிருப்பா?"

சொல்லியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே ஒரு பதில்தான். அப்போதாவது நான் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய் அவருடைய அண்ணனிடமும் அம்மாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன்.

அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் போகும்போதெல்லாம் அந்த அம்மா பலாமரத்தடியில் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மரவள்ளி சீவிக்கொண்டிருப்பார். மகன் படுத்திருக்கும் அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. சோறு கொண்டுவந்தால் வாசலில் வைத்துவிட்டுப் பவுனைக் கூப்பிடுவார். கல் மனசுக்காரி என்று நான் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருமுறை பெற்ற பிள்ளையை எட்டிப் பார்க்கக் கூடாதா என்று அவரிடமே கடிந்துகொண்டேன். அவர் கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். அதற்குப் பிறகு காதுவலி என்று யார் வந்தாலும், வலி குறைந்த பின் எழுந்து நிற்கச் சொன்னேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னேன், அண்ணாந்து கூரையைப் பார்க்கச் சொன்னேன், வாசல்வரை நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். தள்ளாடினால் கீழே காது டாக்டரிடம் அனுப்பினேன். என்ன வேலை, எதில் ஏறுவீர்கள், எதை ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். ஓட்டை மூடும் வரை மரம் வேண்டாம், பைக் வேண்டாம் என்று வீட்டு ஆளையும் வைத்துக்கொண்டு சொன்னேன். வலி மாத்திரை கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, தாராளமாகக் கொடுங்கள், வலியோடு ஒருவரைத் திருப்பி அனுப்புவது பாவம். வலி போன மனிதன் உடனே என்ன செய்யப் போகிறான் என்பதையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் அன்றைக்கு எனக்கு இல்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்து காய்ச்சல் வந்தது. கீழே கொண்டுபோனோம். நான்கு நாள் இருந்தார்.

காரியம் முடிந்த மறுவாரம் அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது எனக்கு எந்த வேலையும் அங்கே இல்லை, குழாயும் இல்லை கட்டும் இல்லை. பவுனு, அண்ணன், அம்மா மூவரையும் உட்காரச் சொன்னேன். ஏறலாம் என்று சொன்னவள் நான்தான் என்றேன். தலை சுற்றுகிறதா என்று கேட்காமல் அனுப்பினேன், ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது பொய், நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன் என்றேன். அண்ணன் எழுந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். பவுனு தலை நிமிரவில்லை.

அந்த அம்மா மட்டும் என் பக்கம் நகர்ந்து வந்தார். "அப்ப அவன் காதுல ஓட்ட போட்டது நான் ஊத்துன எண்ணெ இல்லீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. தூணோரம் நிற்க வைத்து நான் கத்தியதை அந்த அம்மா இரண்டு வருடமாக ஒரு எழுத்துகூட விடாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். தன் கையால் ஊற்றியதால் ஓட்டை, ஓட்டையால் தலைசுற்று, தலைசுற்றால் மகன் விழுந்தான். அதனால்தான் அந்த அறைக்குள் போகவில்லை.

"இல்லீங்கம்மா. எண்ணெயால வலி கூடுச்சு, அது நெசம். ஓட்டை பஸ்ஸுலயே விழுந்தது. எனக்கு அன்னைக்கே தெரியும். பயமுறுத்தறதுக்கு அப்படிச் சொல்லிட்டேன்."

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை நான் உங்களுக்கு இன்னும் சுலபமாக எழுதியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"இத அவன் இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே கண்ணு. நான் ஒருக்காவாச்சும் உள்ள போயி எம்பையன் மூஞ்சியப் பாத்திருப்பனே."